சிவப்பு என்ன சத்தம் போடும்?

"குருவே, மூன்றில் எது?"

குரு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சீடர் சிற்றம்பலத்துக்கு வயது நாற்பத்தெட்டு. கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் வேலை, கீழே நாற்பது பேர், முன்நெற்றியில் இருபத்தைந்து வருட அனுபவம் பளபளவென்று தெரியும். குரு இசக்கிக்கு வயது இருபத்து மூன்று. பாலிடெக்னிக் முடித்தவள். எண்கள் இடம் மாறிவிட்டன என்று யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். சரியாகத்தான் இருக்கிறது.

மடம் தென்காசியில், ஒரு பரோட்டா கடைக்கு மேல் மாடியில். கீழே கொத்து பரோட்டா கொத்துகிற சத்தம்தான் மடத்து மணி. சாம்பிராணிக்குப் பதில் சால்னா.

மடத்தில் நடக்கிற பூசை ஒன்றே ஒன்று. அதன் பெயர் வாயாடி.

வாயாடி ஒரு மென்பொருள். கண் தெரியாதவர்களுக்காகக் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற தமிழை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஊருக்கு ஒருவராக முப்பது பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

முப்பது பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டித் தர ஒரு கருவி வேண்டும். பில்ட் டூல் என்பார்கள். வீடு நிறைய மளிகைச் சாமான் இருந்தாலும் யாராவது அடுப்படிக்குள் போனால்தானே சோறு? அந்த யாராவதுதான் பில்ட் டூல்.

அடுப்படிக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒன்று, பழசு. குருவே பதினெட்டு வயதில் எழுதிய ஸ்கிரிப்ட். நாற்பது நிமிடம் ஆடி அசைந்து கட்டும். கட்டி முடித்ததும் ஸ்பீக்கரில் கத்தும்: "கட்டியாச்சு, எந்திரி!"

இரண்டு, ஐராவதம். எல்லாம் தெரிந்த கருவி. அதைக் கம்ப்யூட்டரில் இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மூன்று, மின்னல். நாலே நிமிடம்.

எது என்று சிற்றம்பலம் முப்பது பேரின் வாட்ஸப் குழுவில் கேட்டார். குரு ஒரு வாழைப்பழப் படம் அனுப்பினாள்.

மறுபடி கேட்டார். வாழைப்பழம்.

மூன்றாம் முறையும் வாழைப்பழம் வந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

"அம்மிணி, வெளையாட்டு இல்லீங்க. பதினஞ்சாந்தேதி புது வெளியீடு. அதுக்குள்ள முடிவு பண்ணோணும்."

"'அம்மிணி, வெளையாட்டு இல்லீங்க. பதினஞ்சாந்தேதி புது வெளியீடு,'" என்றாள் குரு.

அதே குரல். அதே இழுவை. நடுவில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட இடத்தில் அதே செருமல்.

குருவுக்கு இந்த வியாதி உண்டு. யார் பேசினாலும் அவர் குரலைக் கழற்றி எடுத்துத் தன் வாயில் மாட்டிக்கொள்வாள். ஐராவதத்துக்குக் கொடி பிடிக்கிற சென்னைக்காரரை எடுத்தால், "ப்ரோ, லாங் டெர்ம்ல பாருங்க ப்ரோ, இன்னிக்கு வலிக்கும் ப்ரோ, நாளைக்கு நீங்களே தேங்க்ஸ் சொல்வீங்க ப்ரோ" என்று ஒரே மூச்சில் விடுவாள். அவருடைய மிக்சி பின்னால் ஓடுவதுகூடக் கேட்கும்.

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் அவ்வளவு சீக்கிரம் சிரிக்கக் கூடாது.

"மின்னல் அஞ்சு வாரமா சோதனையில ஓடிட்டுத்தானே இருக்கு அண்ணாச்சி? பொறவு என்ன கேள்வி?"

"ஓடுதுங்க. நாப்பது நிமிசம் நாலு நிமிசமாச்சு. கலர் கலராக் காட்டுது. அது சொல்ற சேதி அத்தனையும் தமிழ்ல. அறுநூத்திச் சொச்சம் வரி, நானே உக்காந்து தமிழாக்கினது. மூணு மாசம்!"

"நல்லது."

"ஒருத்தரும் ஒரு கொறை சொல்லலீங்க."

"ரொம்ப நல்லது."

"அதானுங்க மனசு ஒப்ப மாட்டீங்குது. முப்பது பேரு இருக்கற எடத்துல, ஒருத்தருகூடவா கொறை சொல்ல மாட்டாங்க?"

குரு முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். பழத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி?"

"கேளுங்க."

"சிவப்பு என்ன சத்தம் போடும்?"

கீழே கொத்து பரோட்டா நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து அதுவும் அமைதி.

"சிவப்புங்களா?"

"ஆமா."

"கலரு சிவப்புங்களா?"

"ஆமா அண்ணாச்சி. அடுத்த சனிக்கிழம வந்து சொல்லுங்க."

"இதுக்கா எட்டு மணி நேரம் பஸ்ஸு?"

"பழம் வேணுமா?" என்றாள் குரு.

*

ஞாயிற்றுக்கிழமை சிற்றம்பலம் குருவுக்குச் செய்தி அனுப்பினார்: தீயணைப்பு வண்டி.

வாழைப்பழம் வந்தது.

திங்கட்கிழமை: வத்தல் மிளகாய் எண்ணெயில் பொரிகிற சத்தம்.

வாழைப்பழம்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மீட்டிங் நடுவே அவருக்கு ஞானம் பிறந்தது. மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துத் தட்டினார்: சத்தமின்மையே சிவப்பின் சத்தம்.

இரண்டு வாழைப்பழம் வந்தது.

புதன்கிழமை காலை ஆறரை மணி. அவருடைய அம்மா ராமாத்தாள் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம். முதல் மூன்று வருடம் யாராவது பேப்பர் படித்துக் காட்ட மாட்டார்களா என்று வாசல் பக்கமே காதை வைத்திருந்தார். அப்புறம் வாயாடி வந்தது. சிற்றம்பலம் இந்த முப்பது பேரில் ஒருவராகச் சேர்ந்ததும் அதனால்தான். வாரா வாரம் புதிதாகக் கட்டியதை அம்மாவின் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர்தான்.

பேப்பர் படிக்கிற பெண்குரலுக்கு ராமாத்தாள் ஒரு பெயர் வைத்திருந்தார். பேப்பர் புள்ள.

"வணக்கம். இன்றைய செய்திகள்," என்றது வாயாடி.

"வணக்கங் கண்ணு," என்றார் ராமாத்தாள். தினமும் சொல்வார்.

வாயாடி படித்தது. தக்காளி விலை, பஸ் மறியல், மழை. நடுவில் ஒட்டன்சத்திரம் என்று வரவேண்டிய இடத்தில் "ஒட்டன்ச. த்திரம்" என்று ஊரை இரண்டாக உடைத்துக் கீழே போட்டது.

"பாத்தியா," என்றார் ராமாத்தாள். "ஒரு மாசமா இப்பிடித்தான். ஊர்ப் பேரெல்லாம் தடுமாறுது. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையாட்ட இருக்குது."

"அம்மா, அது மிசினுங்க."

"இருக்கட்டும். மிசினுக்கு ஒடம்பு கெடாதா? உன்ற காரு மட்டும் வாரா வாரம் படுத்துக்குது?"

சிற்றம்பலம் காரைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

"நல்ல புள்ள சாமி. ஒரு நாளு லீவு போட்டதில்ல. ஆனா ஒண்ணு, சிரிக்கவே மாட்டீங்குது. அந்த எம்மெல்லே ஆட்டுக்குட்டிகிட்ட முட்டு வாங்குன சேதி வந்துதே, நானு வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கறேன், இது கம்முனு படிக்குது. ஊட்டுல என்ன கஷ்டமோ."

சிற்றம்பலத்துக்குத் திடீரென்று தோன்றியது.

"அம்மா, சிவப்பு என்ன சத்தம் போடும்?"

ராமாத்தாள் அவர் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். ஆறு வருடமாகச் சிவப்பைப் பார்க்காதவர்.

"என்னையக் கேட்டா? பேப்பர் புள்ளையக் கேளு. அதுக்குத் தெரியாதது இருக்குதா?"

*

சனிக்கிழமை. மடம்.

"தெரியலீங்க," என்றார் சிற்றம்பலம்.

"அப்ப சரி, உக்காருங்க."

குரு மடத்துப் பழைய லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தினாள். கொடியில் காய்ந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டாள். துண்டில் பேன் சீப்பு விளம்பரம் போட்டிருந்தது. அது கதைக்குத் தேவையில்லை. ஆனால் சிற்றம்பலம் அடுத்த கால் மணி நேரம் அதைத்தான் பார்க்கப் போகிறார், பாவம்.

"வாயாடிய ஓட விடுங்க. உங்க மின்னல வெச்சு பில்ட் பண்ணுங்க. துண்டத் தொடக் கூடாது."

"இது என்னங்க பெரிய விசயம்," என்றார் அவர். இருபத்தைந்து வருடம் தட்டிய விரல் தானாகத் தட்டியது.

மின்னல் ஓடத் தொடங்கியது. அதன் திரையில் வருவதை வாயாடி படிக்கத் தொடங்கியது.

"நூற்றில் ஒன்று. சாய்கோடு. நூற்றில் ஒன்று. சிறுகோடு. நூற்றில் ஒன்று. பின்சாய்கோடு. நூற்றில் ஒன்று. செங்குத்துக்கோடு. நூற்றில் ஒன்று. சாய்கோடு."

"என்னங்க இது?"

"அழகா ஒரு சக்கரம் சுத்துமே அண்ணாச்சி, மூலையில. அதான்."

திரையில் பார்த்தால் அது குட்டியாய் ஒரு சக்கரம். கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சுற்றுகிற மாதிரி காட்டுவார்கள். காதால் கேட்டால் அது சக்கரம் இல்லை. தண்டனை.

"நூற்றில் இரண்டு. சாய்கோடு. நூற்றில் இரண்டு. சிறுகோடு."

நூற்றில் ஒன்பது வரும்போது குரு வாயாடியோடு சேர்ந்து அதே குரலில் "பின்சாய்கோடு" என்று கோரஸ் பாடினாள். எது மெஷின், எது குரு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திடீரென்று நின்றது.

"பிழை," என்றது வாயாடி. "சிவப்பு நிறத்தில் உள்ள வரியைப் பார்க்கவும்."

சிற்றம்பலம் காத்திருந்தார். வேறு ஒன்றும் வரவில்லை. அம்புக்குறி விசையைத் தட்டினார். ஒவ்வொரு வரியாக மேலே போனார். வரிக்கு வரி சாய்கோடு. எந்த வரி சிவப்பு என்று எந்த வரியும் சொல்லவில்லை.

கை தானாகத் துண்டை நோக்கிப் போனது. குரு ஸ்கேலால் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

"பிழை. சிவப்பு நிறத்தில் உள்ள வரியைப் பார்க்கவும்."

அறுநூற்றுச் சொச்சம் வரியில் அது எத்தனையாவது வரி என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. நூற்றுப் பதினெட்டு. 'பார்க்க' என்று முதலில் எழுதி, மரியாதையாக இருக்கட்டும் என்று 'பார்க்கவும்' என்று திருத்தியதும் ஞாபகம் இருந்தது.

நாற்காலியில் சாய்ந்தார்.

வாயாடி கண் தெரியாதவர்களுக்கானது. அதைக் கட்டுகிற கருவிக்கு மூன்று மாதம் செலவழித்து அவர் கலர் பூசியிருந்தார்.

"இப்பிடி ஆருங்க பில்ட் பண்றாங்க?" என்றார்.

குரு துண்டை எடுத்தாள். குழுவின் பழைய செய்திகளைத் திறந்தாள்.

*கட்டியாச்சு. – ஜெ.*

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி. அதற்கு முந்தின சனிக்கிழமை பதினொரு மணி. அதற்கும் முந்தின சனிக்கிழமை. குரு உருட்டிக்கொண்டே போனாள். மூன்று வருடம். ஒரு வாரம் தப்பவில்லை. தீபாவளி வந்த சனிக்கிழமைகூட.

"இது தெரியுமுங்க. இந்த ஜெ ஆட்டோமேட்டிக்கா வர்ற மெசேஜ்தானுங்களே?"

குரு உருட்டுவதை நிறுத்தி அவரையே பார்த்தாள்.

"மிசினுங்களே?"

குரு கீழே உருட்டினாள். மின்னல் வந்த வாரம் வரை *கட்டியாச்சு*. அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் இருந்தன. ஜெ இல்லை.

"பழைய ஸ்கிரிப்ட மின்னலுக்கு மாத்தும்போது கடைசி வரிய நீங்கதான தூக்குனீங்க அண்ணாச்சி? ஸ்பீக்கர்ல கத்துறத?"

"அது..." சிற்றம்பலம் நெற்றியைத் தடவினார். "'கட்டியாச்சு, எந்திரி'ன்னு இருந்துச்சு. உங்களப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமேங்க. உங்க குறும்புன்னு நெனச்சேன்."

"குறும்புதான். நாப்பது நிமிசம் காத்துக் கெடக்கவங்க தூங்கிட்டா யாரு எழுப்புவா?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"மின்னலத் தூக்கீர்றேன். மூணு மாசம் போனாப் போகுது."

"நான் தூக்கச் சொன்னனா?"

"பின்ன எதைத்தானுங்க வெக்கறது?"

குரு ஒரு காகிதத்தில் பத்து எண் எழுதி அவர் கையில் கொடுத்தாள். பரோட்டா வாங்கி வருகிறேன் என்று மாடிப்படி இறங்கினாள்.

*

சிற்றம்பலம் அந்தப் பத்து எண்ணையும் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வணக்கம். யாருக்கு இணைக்கணும்?"

பேப்பர் புள்ள! காலை ஆறரை மணி வணக்கம். ஒரு பிசிறு மாறாமல்.

"அம்மிணி, போதுமுங்க," என்றார். "ஆளே நொந்து கெடக்கறேன். படிக்கட்டுல நின்னுட்டு இதுலயும் மிமிக்ரியா?"

"யாரு?"

"நாந்தானுங்க, சிற்றம்பலம். குரலு அப்படியே இருக்குதுங்க. ஒத்துக்கறேன். போதும்."

மாடிப்படியில் காலடி கேட்டது. குரு வந்து நின்றாள். ஒரு கையில் பொட்டலம். இன்னொரு கையில் கடித்த வடை. வாய் நிறைய வடை.

சிற்றம்பலம் குருவைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார்.

கைபேசி பேசியது.

"கோயம்புத்தூர் சிற்றம்பலம் அண்ணனா? மின்னல் கொண்டாந்தவங்க? நான் ஜெபராணி. தூத்துக்குடில ஒரு ஆஸ்பத்திரில டெலிபோன் ஆபரேட்டரு. லீவு நாள்ல வீட்டுலயும் அந்தப் பழக்கந்தான் வாயில வருது. வாயாடிக்குக் குரல் குடுத்தது நாந்தான். எட்டாயிரம் வாக்கியம் படிச்சேன் அண்ணே, தொண்டையில ரத்தம் வராத கொற. இசக்கி சொல்லலியா?"

குரு வடையை விழுங்கினாள். சொல்லவில்லை என்று தலையாட்டினாள்.

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் சிற்றம்பலம்.

"பொறக்கும்போதே கண்ணு தெரியாது அண்ணே. அத விடுங்க. என்ன விசயம்?"

"அஞ்சு சனிக்கெழமையா உங்க மெசேஜு வரலீங்க."

"அஞ்சு வாரமும் உக்காந்தேன் அண்ணே. ஓடுது, ஓடுது, கோடு கோடா வருது. பொறவு என் குரலே என்கிட்ட 'சிவப்பப் பாரு'ன்னு சொல்லுது. சிரிக்கதா அழுவதான்னு தெரியல. குழுவுல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு கைதட்டிட்டு இருந்தாவ. அதுக்குள்ள போயி எனக்கு ஓடலன்னு எப்படிச் சொல்ல? நமக்குத்தான் இந்தப் புதுசெல்லாம் ஏறலபோல, நம்ம காலம் முடிஞ்சிட்டுன்னு விட்டுட்டேன். இந்த வாரம் கம்ப்யூட்டர்ல இருந்தே அழிச்சிரலாம்னு இருந்தேன்."

சிற்றம்பலத்துக்கு ஒரு ஊர்ப் பெயர் இரண்டாக உடைந்து விழுகிற சத்தம் மட்டும் காதில் கேட்டது.

"நீங்க சனிக்கெழமை கட்டிட்டு," என்றார் மெல்ல, "அதுக்கப்புறம் என்னங்க பண்ணுவீங்க?"

"கேப்பேன். ஒரு மணி நேரம் பேப்பர் படிக்க விட்டு உக்காந்து கேப்பேன். ஊர்ப் பேரு, ஆளு பேரு எங்கயாவது தடுமாறுனா சரிபண்ணி அனுப்புவேன். என் பேரு கெட்டுப்போவும்லா?"

குரு பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மின்னல எடுத்துர்றேனுங்க," என்றார் சிற்றம்பலம். "பழசே இருக்கட்டும்."

"ஐயய்யோ, எதுக்கு அண்ணே? நல்ல வேகமா ஓடுதுலா! கம்ப்யூட்டரு ஃபேன் சத்தத்துலயே தெரியுது, முன்ன மாதிரி சூடாவல. நாப்பது நிமிசம் உக்காந்து எனக்கு மட்டும் ஆசையா? அது வேல செய்யுது அண்ணே. என்கிட்ட பேசத்தான் மாட்டேங்கு."

சிற்றம்பலம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லைன்லயே இருப்பீங்களா?"

"என் பொழப்பே அதான அண்ணே."

*

கொடியில் போட்டிருந்த துண்டை அவரே எடுத்துத் திரைமேல் போட்டுக்கொண்டார். குரு சொல்லவில்லை.

சக்கரத்தைக் கழற்றினார். நூற்றில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று புலம்புவதை நிறுத்தி, பத்துக்கு ஒரு தடவை பேச வைத்தார். தப்பாகத் தட்டினார். வாயாடி சொன்னது. திருத்தினார். மறுபடி தப்பு.

"மேல மூணாவது வரி அண்ணே," என்றார் ஜெபராணி தூத்துக்குடியிலிருந்து. "அடைப்புக்குறி மூடல. இங்க கேக்குது."

நூற்றுப் பதினெட்டாவது வரிக்கு வந்ததும் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எது காணோம், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், அடுத்து என்ன செய்ய வேண்டும். எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டார்.

கடைசியாக, தூக்கி எறிந்த குறும்பைத் தேடி எடுத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

"இப்பப் பாருங்க... இப்பக் கேளுங்க," என்றார்.

தூத்துக்குடியில் விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு கைபேசி வழியாக வாயாடி பேசியது.

"பிழை. ஒலி நூலகம் ஒன்று காணோம். குரல் கோப்பு, நாற்பத்திரண்டாவது வரி. அதை நிறுவ ஒய் விசையைத் தட்டவும்."

"அட," என்றார் ஜெபராணி. "இவ்வளவுதானா? இதுக்கா அஞ்சு வாரம்?"

ஒரு தட்டு.

"நூற்றில் பத்து."

சிற்றம்பலம் கைபேசியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நூற்றில் இருபது."

கீழே கொத்து பரோட்டா ஆரம்பித்தது. குரு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நாலு நிமிடம்.

"கட்டியாச்சு, எந்திரி!" என்று ஜெபராணியின் குரல் ஜெபராணியிடம் கத்தியது.

"எந்திரிச்சாச்சு," என்றார் ஜெபராணி. "இருங்க அண்ணே, ஓடவிட்டுப் பாக்கேன்... ஆங், ஒட்டன்சத்திரம். அதான, யாரோ வார்த்தையப் பிரிக்கற எடத்துல கைய வெச்சிருக்காவ. அஞ்சு நிமிசத்துல சரிபண்ணிருவேன்."

குழுவில் ஒரு செய்தி விழுந்தது. *கட்டியாச்சு. – ஜெ.*

சிற்றம்பலம் அதை நான்கு தடவை படித்தார்.

"அம்மிணி," என்றார் குருவிடம், "மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"வாழப்பழம் அனுப்புனேன்லா?"

"வாழப்பழத்துல என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல. அதான கெளம்பி வந்தீங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். குருவும் கும்பிட்டாள், அவரைப் போலவே, முன்நெற்றியைத் தடவிக்கொண்டு.

"அண்ணே, வெச்சிரட்டா?" என்றது கைபேசி.

"வெச்சராதீங்க! ஒரு நிமிசம்." அவர் எழுந்து நின்றுவிட்டார். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு அந்த ஒரு சொல் போதுமா என்று சந்தேகம் வந்து மூடிக்கொண்டார். "உங்ககிட்டப் பேசறதுக்கு இன்னொரு ஆளு இருக்குது. இதே லைன்ல எப்பிடிங்க சேக்கறது?"

இருபத்தைந்து வருட அனுபவம் கைபேசியை மேலும் கீழும் திருப்பியது.

"கூப்பிடுற நம்பரப் போடுங்க. அவங்க எடுத்ததும் 'இணை'ன்னு ஒண்ணு வரும், அத அமுக்குங்க," என்றார் ஜெபராணி. "பதட்டப்படாதீங்க அண்ணே. நான் எங்கயும் போவ மாட்டேன்."

கோயம்புத்தூரில் மணி அடித்தது.

"ஆரு? சாமியா? சாப்பிட்டியா?"

"அம்மா, பேப்பர் புள்ள பேசுதுங்க."

"அதான் காத்தாலயே படிச்சுட்டுப் போயிருச்சே. இப்ப என்ன?"

"மிசினு இல்லீங்கம்மா. ஆளு. நெசமான ஆளு. தூத்துக்குடில இருக்குது. பேரு ஜெபராணி."

அங்கே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"வணக்கம்மா," என்றார் ஜெபராணி.

"வணக்கங் கண்ணு," என்றார் ராமாத்தாள். தினமும் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏங் கண்ணு, ஒடம்பு இப்ப தேவலையா?"

"எனக்கா? நல்லாத்தான் இருக்கேன்மா."

"எங்கிட்ட மறைக்காத. ஒரு மாசமா ஒட்டன்சத்திரத்துல வந்து வந்து தடுமாறுனயே, அப்பவே நெனச்சேன். நெஞ்சுச் சளிதானே? இவங்கிட்டச் சொன்னா மிசினு மிசினுங்கறான். சுக்குத் தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் குடி. ரெண்டு நாளு படிக்காட்டியும் பரவால்ல. நானு ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கைபேசியில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. லைன் கெட்டுவிட்டது என்றுதான் சிற்றம்பலம் முதலில் நினைத்தார். அந்தக் குரலில் அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. முதலில் மூக்கால் வந்தது, பிறகு அடக்க முடியாமல் உடைந்து, மேலே ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது.

குரு பழத்தை உரிப்பதைப் பாதியில் நிறுத்தினாள். அந்த ஒரு சத்தத்தை மட்டும் அவள் திருப்பிச் செய்து பார்க்கவில்லை.

ராமாத்தாள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து, பக்கத்தில் நிற்கிற மகனிடம் சொல்வது போல, ரகசியமாகச் சொன்னார்:

"கேட்டயா சாமி? சிரிக்குது."